சோம்பேறியின் நாலாவது கால்

என் நாத்தனாரைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதைப் போல மானக்கேடு வேறு இல்லை. வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவாள். நாற்காலியில் சாய்ந்ததும் வலி போன இடம் தெரியாது. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால், திறந்த வாயோடு, "இது மேல போறது மோட்டார்லயா, எண்ணெய்லயா டாக்டர்?" என்று கேட்பாள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிடுவாள். தெருவுக்குள் குப்பை லாரி வந்தால் கேட்கவே வேண்டாம். அதன் பின்பக்கம் ஏறி இறங்கும் அழகைப் பார்த்துக்கொண்டே அடுத்த தெரு வரைக்கும் நடந்து போய்விடுவாள். லாரிக்காரர் இப்போது இவளைக் கண்டால் கையாட்டுகிறார்.

அவளுக்கு வேலை பார்லரில். முடி வெட்டுவாள், சாயம் பூசுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நாற்காலிக்கு அடியிலிருந்த பெடலை மிதித்தாளாம். உட்கார்ந்திருந்த தாட்டியான அம்மாள் அலுங்காமல் குலுங்காமல் மேலே வந்தாராம். வீட்டுக்கு வந்து, "ஒத்தக் கால்ல ஒரு ஆளையே தூக்கிட்டேன் அண்ணி" என்று சொன்னபோது அவள் கண்ணைப் பார்த்தேன். போச்சு, பிடித்துக்கொண்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ரோபோ சங்கம் கூடும். பள்ளிக்கூட வாத்தியார், பேங்க் கேஷியர், கல்லூரிப் பெண்கள் என்று பொழுதுபோக்காக ரோபோ செய்கிறவர்கள். கண்ணாடிக்கடைக்காரர்தான் தலைவர். எல்லாரும் மோட்டார் கட்சி. குட்டி மோட்டார் கிய்யா கிய்யா என்று கத்த, கைகால் ஆட்டும் பொம்மைகள். என் நாத்தனார் ஒருத்தி மட்டும் எண்ணெய்க் கட்சி. குழாயில் ஓடும் எண்ணெய் சிலிண்டரைத் தள்ள, சிலிண்டர் காலைத் தள்ள, சத்தமே இல்லாமல் ஒரு மிருகம் எழுந்து நிற்க வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டும். நாய்க்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, அலுமினியப் பட்டைகளால் ஒன்றைச் செய்தாள். காலுக்கு ஒரு சிலிண்டர். தரையில் தனியாக, நீளமான குழாயில் இணைத்த ஒரு பைக்கின் பின் பிரேக் பெடல். அதை மிதித்தால் எண்ணெய் ஏறும். எந்தக் கால் எப்போது நீள வேண்டும் என்பதை முதுகிலிருக்கும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு வால்வுகளைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும். எப்போது பார்த்தாலும் படுத்தே கிடந்ததால் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தோம்.

போன வருஷக் கண்காட்சியில் சோம்பேறி பாதி எழுந்தது. பிறகு ஒரு கால் இறுகிக்கொண்டு அசைய மறுத்தது. இவள் இன்னும் ஓங்கி மிதித்தாள். அவ்வளவுதான், கூடத்தின் மரத்தரை முழுக்க எண்ணெய். பேங்க் கேஷியர் வழுக்கி, மரியாதையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட பேன்ட்டோடு முட்டி போட்டுத் தரையைத் துடைத்தார். ஆபீஸில் ஒரு பேப்பர் கோணலாக இருந்தால்கூடப் பொறுக்க மாட்டாதவர் அவர். அதன் பிறகு அவர் அந்தக் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இவளுக்கு 'சொட்டு அக்கா' என்று பெயர் விழுந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு டம்ளர் எண்ணெய் கொட்டியதைச் சொட்டு என்றால் அளவு தெரியாதவர்கள் என்றுதானே அர்த்தம்?

கூடத்து மேனேஜர் இனிமேல் எண்ணெய் இயந்திரம் உள்ளே வரக் கூடாது என்றார். தலைவர் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். இந்த வருஷம் சோம்பேறியை வெள்ளைத் தாளின் மேல் வைத்து அரைமணி நேரம் இயக்கிக் காட்ட வேண்டும். தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் எண்ணெய்க் கட்சிக்கு நிரந்தரமாகக் கதவு சாத்தப்படும். கட்சியில் இருப்பது இவள் ஒருத்திதான். வேறு எந்த இடத்தில் இதையெல்லாம் கொண்டுபோய்க் காட்டுவாள்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் வாரத்தின் மற்ற நாட்களை அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்பு சிலிண்டர் மேலதான் அண்ணி. பழசு. காலை வாரிடுச்சு" என்றாள். சரி, புது சிலிண்டர் வாங்கினால் தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். விரல் தடிமனில் சிலிண்டர் வேண்டும் என்று இவள் கேட்டால், ஹைட்ராலிக் கடைக்காரர்கள் தொடை தடிமனில் எடுத்து வைத்தார்கள். "இதுதான்மா எங்ககிட்ட இருக்கறதுலயே சின்னது" என்று ஒருவர் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். பொம்மை ஜேசிபிக்கென்றே செய்கிற சிலிண்டர்கள் இருக்கின்றன. விலையைக் கேட்டதும் இருவரும் கடையிலிருந்த மின்விசிறியைப் பாராட்டிவிட்டு வெளியே வந்தோம். ஊசி மருந்துக் குழாயை வைத்துப் பார்க்கலாம் என்று மருந்துக்கடையில் பை நிறைய வாங்கினாள். இரண்டாவது தடவை போனபோது கடைக்காரர் தர மறுத்து, வீட்டில் பெரியவர்களை அழைத்துவரச் சொன்னார். நாற்பது வயதுக்காரியை. நான் போய்ப் பேசி வாங்கி வந்தேன். அழுத்தம் ஏறியதும் அத்தனையும் பிதுங்கிப் போயின.

கடைசியில் கிடைத்தது ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம். முன் பிரேக்குக்காக ஹேண்டில்பாரில் உட்கார்ந்திருக்குமே, அந்தக் குட்டி சிலிண்டர்தான். போன வருஷமும் அதே வகைதான், ஆனால் அவை காயலான் கடையில் பொறுக்கியவை. இந்த முறை நாலும் புத்தம் புதியவை, ஒரே அளவு. அன்றைக்கு அவள் பார்லரிலிருந்து நேராக என் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்று, ஒவ்வொன்றாக என் மடியில் வைத்தாள். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கை கறையாகிவிடுமே என்று திட்ட வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரவிக்கையை மட்டும் ஓரமாக நகர்த்தினேன்.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் மாட்டி எண்ணெய் ஏற்றினாள். என்ன எண்ணெய்? என் தையல் மெஷின் ஆயில். போன வருஷமும் அதேதான். "பிரேக்ல ஓடறதும் ஆயில். மெஷின்ல ஓடறதும் ஆயில். இது சுத்தமா இருக்கு, வாசனையும் இல்ல" என்பது அவள் நியாயம். சோம்பேறி அன்று சொகுசாக எழுந்தது. நான் கை தட்டினேன். அடுத்த நாள் எழும்போது முனகியது. அதற்கடுத்த நாள் ஒரு கால் இறுகியது, போன வருஷத்தைப் போலவே.

இவள் அழுவாள் என்று நினைத்தேன். சமையலறை மேசையில் பழைய துணியை விரித்து, இறுகிய காலின் சிலிண்டரைக் கழற்றினாள். உள்ளே கிண்ணம் போல ஒரு குட்டி ரப்பர் இருக்கும். மெக்கானிக் அதைக் 'கப்' என்பார். அதுதான் எண்ணெய் பின்னால் கசியாமல் அடைத்துப் பிடிப்பது. வெளியே எடுத்தாள். திரும்ப உள்ளே போட்டாள். போகவில்லை. அழுத்தினாள், திருப்பினாள், எச்சில்கூடத் தொட்டாள். போகவே இல்லை.

"அண்ணி, இதுக்குள்ள இருந்துதானே இது வந்துச்சு?"

"என் கண்ணு முன்னாலதான் எடுத்தே."

"அப்ப ஏன் உள்ள போக மாட்டேங்குது?"

என் மோதிரத்தைப் பார்த்தேன். உடம்பு ஊதிய நாளில் அதுவும் இப்படித்தான் பண்ணும். "வீங்கியிருக்குமோ என்னமோ" என்றேன், சும்மா வாய்க்கு வந்ததை.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. போன வருஷத்துக் கிழிந்த கப்புகளை டப்பாவிலிருந்து கொட்டினாள். அவையும் அதே குண்டு. ஓட்டமாக மெக்கானிக்கிடம் போய், அவர் கழற்றிப் போட்ட பழைய கப்புகளில் இரண்டையும் ஒரு டப்பா பிரேக் ஆயிலையும் வாங்கி வந்தாள். என் கண்ணாடிக் கிண்ணங்களில் ஒன்றில் மெஷின் ஆயில், மற்றதில் பிரேக் ஆயில். கிண்ணத்துக்கு ஒரு கப்பைப் போட்டு ஜன்னலோரம் வைத்தாள். யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. பால் காய்ச்சும்போதுகூட நான் அந்தப் பக்கம் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல் இருவரும் ஜன்னலுக்கு ஓடினோம். மெஷின் ஆயிலில் கிடந்தது நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர் மாதிரி உப்பியிருந்தது. பிரேக் ஆயிலில் கிடந்தது போட்டபடியே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ரப்பரைப் பார்த்துப் புல்லரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதே நேரம், முந்தின நாள் மேசையில் சிந்தியிருந்த பிரேக் ஆயில் என் மேசையின் பாலிஷைத் தோலுரித்திருந்ததையும் பார்த்தேன். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆயில்னு ஒரு எடத்துலயும் போடல அண்ணி. ஃப்ளூயிட்னு போட்டிருக்கு. இது எண்ணெயே இல்ல. வேற ஏதோ. எல்லாரும் ஆயில் ஆயில்னு சொல்லிச் சொல்லி, நானும் நம்பிட்டேன்."

ஒரு வருஷமாக ஊரெல்லாம் சிலிண்டரைத் திட்டிக்கொண்டு திரிந்தோம். குற்றம் ஒரு வார்த்தையில் இருந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் போய் டப்பாவைக் காட்டியபோது அவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். "அட, ஆமா. நான் கடை வெச்ச நாள்லேர்ந்து எல்லாரும் ஆயில்னுதான் கேக்கறாங்க, நானும் எடுத்துக் குடுக்கறேன்" என்று தலையைச் சொறிந்தார்.

தெரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வேலை அப்போதுதான் ஆரம்பம். மெஷின் ஆயிலில் ஊறிய அத்தனை கப்பும் வீண். குழாயிலும் வால்வுகளிலும் ஒரு துளி எண்ணெய் தங்கினாலும் புதிய கப்பும் வீங்கும். நல்லவேளை, வால்வுகளுக்குள் ரப்பர் கிடையாது, எஃகுக் குண்டுதான். பார்லரிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலைக் கொண்டு வந்தாள். ஒவ்வொரு குழாயாகக் கழுவினோம். தலைமுடி காயவைக்கும் டிரையரால் ஒவ்வொன்றையும் உலர்த்தினோம். "மேடத்துக்கு செட்டிங் வேணுமா, சும்மா காயவெச்சா போதுமா?" என்று குழாயைப் பார்த்துக் கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் ஸ்பிரிட் கொட்டியது.

மெக்கானிக்கிடம் பெடலுக்கான கப் இருந்தது. காலுக்கானது மூன்றுதான் இருந்தது. நாலாவது திங்கட்கிழமைதான் வருமாம். கண்காட்சி ஞாயிறு.

சனிக்கிழமை அவள் லீவு போட்டாள். நானும் மெஷினை மூடினேன். கார் உதிரிபாகக் கடை, பம்ப் கடை, மிதிவண்டிக் கடை என்று வெயிலில் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினோம். ஒரு இடத்தில் அளவு பெரிது, ஒரு இடத்தில் ஆளே இல்லை. எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீல்கள் விற்கும் ஒரு கடையில் சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி இழுப்பறைகள். கடைக்காரர் மாதிரிக்குக் கொண்டுபோன கப்பை விரலால் உருட்டிப் பார்த்து, அதே அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். இவள் அதைத் தொடாமல், "இது எந்த ரப்பர்?" என்று கேட்டாள்.

"ரப்பர்னா ரப்பர்தான்மா."

"எண்ணெய்க்கு ஆகற ரப்பரா, பிரேக்குக்கு ஆகற ரப்பரா?"

"இத்தனை வருஷத்துல அளவுதான் கேட்டிருக்காங்க. இனம், குலம் எல்லாம் யாரும் விசாரிச்சதில்ல" என்று அவர் சிரித்தார். பிறகு பெட்டியைப் பார்த்துவிட்டு, "எண்ணெய்க்குன்னுதான் இருக்கு" என்றார். இவள் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள். "போட்டுப் பாக்கலாம்டி, அரைமணி நேரம்தானே தாங்கணும்" என்றேன். "அரைமணி நேரம் தாங்கலேன்னா?" என்றாள். அடுத்த கடையைப் பார்த்து நடந்தோம்.

சாயங்காலம் சோர்ந்து போய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். போன வாரம்தான் பிரேக்குக்குப் புது ரப்பர் கிட் போட்டிருந்தார். "இப்ப சும்மா தொட்டா நிக்குது" என்று ஒரு வாரமாக அந்தப் பெருமைதான். இவள் எழுந்து நின்றாள். அண்ணனைப் பார்க்கவில்லை, ஹேண்டில்பாரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, வண்டியில ஏதாவது ஒட்டியிருக்கா?"

இவளுக்குக் கேட்க வேண்டும் என்று உதட்டில் இருக்கிறது, கேட்க மாட்டாள். போன வருஷம் அவர் முட்டி போட்டுத் துடைத்ததை அவள் மறக்கவில்லை. ஆகவே நான் சொன்னேன், நாலாவது காலைப் பற்றி, கப்பைப் பற்றி, அது அவர் பிரேக்குக்குள் இருப்பதைப் பற்றி. அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார். தாளைப் பற்றி மட்டும் மறுபடியும் விசாரித்தார்.

"ஒரு சொட்டு விழுந்தா இவளை உள்ளயே விட மாட்டாங்களா?"

"விட மாட்டாங்க."

"இந்தத் தடவ விழுந்தா துடைக்கவும் முடியாது அண்ணா. பாலிஷையே தின்னுடும்" என்றாள் இவள். மறைக்கத் தெரியாத ஜென்மம்.

அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டார். சாவியை அவள் கையில் வைத்தார். "கழட்டிக்கோ. திங்கக்கிழமை கப் வந்ததும் நீயே மாட்டிக் குடுத்துடு. அதுவரைக்கும் நான் பஸ்ல போறேன்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனவர், சட்டையை மாற்றிக்கொண்டு டார்ச்சோடு திரும்பி வந்தார். அவள் கழற்றினாள், அவர் வெளிச்சம் பிடித்தார். எனக்கு இரண்டு பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நல்ல கூட்டம். தலைவர் மரத்தரையில் பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் அகலமான வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சோம்பேறி தாளின் நடுவில் படுத்துக் கிடந்தது. கல்லூரிப் பெண்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். பேங்க் கேஷியர் ஜாக்கிரதையாகச் சுவரோரம் நின்றார்.

அவள் பெடலை மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தாள். சோம்பேறியின் முன்பக்கம் மெல்ல உயர்ந்தது. பிறகு பின்பக்கம். நாலு காலும் நீண்டு, சத்தமே இல்லாமல், பசு எழுகிற மாதிரி அது எழுந்து நின்றது. என் கண்ணில் நீர் வந்ததை நான் மறைக்கவில்லை, மறைக்க எனக்கு என்ன அவசியம்? சோம்பேறி ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி வைத்தது. உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. முன்வரிசைப் பெண்கள் குதித்தார்கள். வாத்தியார் தன் மோட்டார் பொம்மையை நைசாக மேசைக்கு அடியில் தள்ளினார். கேஷியர் சுவரை விட்டு வந்து, "இந்தச் சிலிண்டர் எங்கே கிடைச்சுது?" என்று என் காதில் கேட்டார். எண்ணெய்க் கட்சியில் ஆள் சேர ஆரம்பித்துவிட்டது.

என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் தாளின் விளிம்பில் முட்டி போட்டு, தலையைத் தரையோடு வைத்து, டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி. சோம்பேறி நகர நகர இவரும் முட்டியாலேயே நகர்ந்தார். நாலாவது காலை மட்டும் ஒரு நிமிஷம்கூட விடவில்லை. மேனேஜர் இவரைப் பார்த்து ஏதோ சொன்னார், இவர் காதில் விழவில்லை.

நேரம் முடிந்ததும் தலைவர் கையைத் தூக்கினார். இரண்டு பேர் சோம்பேறியைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். மேனேஜர் தாளை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என் நாத்தனார் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள், நசுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சரி, அடுத்த வாரமும் கொண்டு வாங்க. தாள் மட்டும் விரிச்சுக்கோங்க" என்றார் மேனேஜர்.

கைதட்டல், சிரிப்பு, ஆளாளுக்குக் கேள்வி. அவளைச் சுற்றி ஒரே கூட்டம். எந்த ரப்பர், எந்த டப்பா, ஏன் ஆயில் என்று சொல்லக் கூடாது என்று அவள் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் ஓரமாக நின்று முட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தங்கச்சியிடம் வந்தார்.

"எல்லாரும் எந்திரிச்சுது, எந்திரிச்சுதுங்கறாங்க" என்றார். "நான் கீழயே பாத்துக்கிட்டிருந்துட்டேன். அது எந்திரிச்சதைப் பாக்கவே இல்ல. இன்னொரு தடவ எழுப்பறியா?"

அவள் சோம்பேறியை மேசையிலிருந்து இறக்கிப் புதுத் தாளை விரித்தாள். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பெடலின் மேல் காலை வைத்தாள்.